மறந்தவரின் உரிமை

கடவுச்சொல் இட்டுப் பூட்டிய ஆவணத்தை அதைப் பூட்டியவரே திறக்க இயலாமல் நிற்பது, கணினிப் பயன்பாட்டில் நேரும் ஒரு சிறு இடர்ப்பாடாகவே பெரும்பாலும் எண்ணப்படுகிறது. ஆயினும் அந்நிலையை ஊன்றி நோக்குவார்க்கு, மெய்யியலும் சமயமும் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா ஒன்று அதனுள் அடங்கியிருப்பது புலப்படும். ஆவணத்தை எழுதியவரும், அதற்குக் காவல் இட்டவரும், இன்று அதன்முன் வந்து நிற்பவரும் ஒருவரே. இருந்தும் இடையில் நினைவு அறுந்துபோனமையால், தம்முடைய பொருளுக்கே அவர் அயலாராகிவிடுகிறார். நினைவு நீங்கினால் உரிமையும் நீங்குமா? ஒருவர் இன்னார் என்பது அவருடைய நினைவினால் அமைவதா, அல்லது நினைவு அதற்கு ஒரு சான்று மட்டுமா? இறுதிக் காலத்தில் இறைவனை நினைத்தல் வேண்டும் என்று வற்புறுத்தும் சமயங்கள், நினைவே தவறிவிட்ட முதியவர்க்கு என்ன விடை கூறுகின்றன? இம்மூன்று வினாக்களும் ஒன்றையொன்று பற்றி நிற்பவை. முதலாவதற்குத் தரும் விடையே மூன்றாவதற்கும் வழிகாட்டுகிறது.

பூட்டு எதை அறியும்?

ஆவணத்திற்கு இடும் காவல் இருவகைப்படும். முதல் வகையில் ஆவணத்தின் எழுத்துகள் உள்ளபடியே இருக்க, அவற்றைத் திருத்த விடாமல் மென்பொருள் மட்டும் தடுக்கிறது. இது வேலி அன்றிப் பூட்டு ஆகாது. இரண்டாம் வகை குறியாக்கம், அதாவது ஆவணம் முழுவதையும் ஒரு திறவெண்ணைக் கொண்டு பொருள் விளங்காத எண்தொடராக மாற்றிவிடுவது. மெய்யியல் நோக்கில் கருதத்தக்கது இவ்விரண்டாம் வகையே.

மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் தொகுப்பின் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில் வேர்ட் ஆவணம் ஒன்றுக்குத் திறப்புக் கடவுச்சொல் இடும்போது நிகழ்வதை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். இடப்பட்ட சொல் ஆவணத்தில் எங்கும் எழுதிவைக்கப்படுவதில்லை. அச்சொல்லோடு தற்போக்காகத் தெரிந்தெடுத்த ஓர் எண்தொடர் சேர்க்கப்பட்டு, ஹாஷ் எனப்படும் கணக்கு அதன்மீது 1,00,000 முறை திரும்பத்திரும்பச் செய்யப்படுகிறது. ஹாஷ் என்பது எவ்வளவு நீண்ட சொல்லையும் குறித்த நீளமுள்ள எண்ணாக மாற்றுவதும், அவ்வெண்ணிலிருந்து மூலச்சொல்லுக்குத் திரும்பிச் செல்ல இடந்தராததுமான ஒருவழிக் கணக்கு. அதன் முடிவாகக் கிடைக்கும் எண்ணைக் கொண்டு மற்றொரு திறவெண் பூட்டப்படுகிறது. ஆவணத்தை உண்மையில் விரித்துக்காட்ட வல்லது இந்த இரண்டாம் திறவெண்ணே. அதுவும் ஆவணக் கோப்புக்குள்ளேயே பூட்டிய நிலையில் வைக்கப்படுகிறது. கூடவே, இடப்படும் சொல் சரியா தவறா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு உதவும் சோதனை மதிப்பு ஒன்றும் இருக்கும்.

இவ்வமைப்பில் இரண்டு உண்மைகள் குறிப்பிடத்தக்கவை. ஆவணத்தைத் திறக்கும் பொருள் ஆவணத்துக்குள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வரவேண்டியது அதை விடுவிக்கும் சொல் மட்டுமே. அன்றியும், ஆவணம் தன் கடவுச்சொல்லை எடுத்துக்கூற வல்லதன்று. ஆனால் அச்சொல் எதிரே வந்தால் தவறாது அறிந்துகொள்ளும், அல்லாத சொல் வந்தால் தவறாது விலக்கும். கூற இயலாமலே அறிந்துகொள்ளும் இவ்வியல்பு, மறதிக்கு ஆட்பட்ட மனித மனத்துக்கும் பொதுவானது என்பதை மெய்யியலார் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே கண்டுள்ளனர்.

மறந்ததைத் தேடுதல்

முற்றிலும் அறியாத ஒன்றை எவ்வாறு தேடுவது, தற்செயலாக அது எதிர்ப்பட்டாலும் தேடியது அதுவே என்று எவ்வாறு தெளிவது என்னும் சிக்கலைப் பிளேட்டோ தம் மெனோன் உரையாடலில் எழுப்பினார். கல்வியறிவில்லாத அடிமைச் சிறுவன் ஒருவன், சதுரம் ஒன்றின் பரப்பை இரட்டிக்கும் வழியைச் சாக்ரடீஸ் வினவ வினவத் தானே கண்டடைவதாகக் காட்டி, கற்றல் என்பது உயிர் முன்னரே அறிந்ததை நினைவுகூர்தல் என்று அவ்வுரையாடல் விடை கூறுகிறது.

வட ஆப்பிரிக்காவில் ஹிப்போ நகரின் ஆயராக விளங்கிய புனித அகுஸ்தீனார், நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் வாழ்வறிக்கை நூலின் பத்தாம் பகுதியில், இச்சிக்கலை மறதியோடு பொருத்தி மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தார். ஒருவருடைய பெயரை மறந்து அதை நினைவுக்குக் கொண்டுவர முயலும்போது, மனத்தில் தோன்றும் வேறு பெயர்களை எல்லாம் அல்ல அல்ல என்று விலக்குவதும், உரிய பெயர் தோன்றியவுடன் ஆம் என்று ஏற்பதும் எதனால் நிகழ்கின்றன என்று அவர் வினவினார். பெயர் முற்றிலும் அழிந்திருந்தால், பிறர் அதை எடுத்துச் சொன்னாலும் அதுவே என்று ஏற்க இயலாது. ஆகவே மறந்தோம் என்பதையேனும் நினைவில் வைத்திருக்கும் வரை, மறந்த பொருள் முழுவதும் இழக்கப்பட்டதாகாது என்பது அவர் முடிபு. லூக்கா நற்செய்தியின் 15 ஆம் அதிகாரத்தில் வரும், காணாமற்போன திராக்மா நாணயத்தை விளக்கேற்றித் தேடிய பெண்ணை அவர் இவ்விடத்தில் எடுத்துக்காட்டினார். நாணயம் கண்ணுக்கு மறைந்தபோதும் நினைவில் இருந்தமையால்தான் அதைத் தேடவும் கண்டபோது தெளியவும் அவளால் இயன்றது. மனிதர் இறைவனைத் தேடுவதும் இத்தகையதே என்று கூறும்பொருட்டே அகுஸ்தீனார் இவ்வாராய்ச்சியை மேற்கொண்டார்.

இக்கருத்துக்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்று தெளிவான விளக்கமாக அமைகிறது. நார்வே நாட்டின் எர்ஸ்டா வட்டாரத்தில், நீநொர்ஸ்க் என்னும் எழுத்துமொழிக்கு அடித்தளமிட்ட ஈவார் ஆசன் (1813–1896) பிறந்த ஊரில், அவர் பெயரால் 2000 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மொழிப் பண்பாட்டு மையம் ஒன்று உள்ளது. மொழியறிஞர் ரெய்டார் யூபெடாலின் நூல் திரட்டுக்குக் கணினியில் உருவாக்கப்பட்ட பட்டியல் அம்மையத்துக்கு உரியதாயிருந்தும், அதைத் தொகுத்தவர் கடவுச்சொல்லை எவரிடமும் தெரிவிக்காமலே இறந்துவிட்டமையால் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படாமல் கிடந்தது. 2002 ஆம் ஆண்டில் மையத்தார் உலகெங்கும் உள்ள கணினி வல்லுநர்களிடம் வெளிப்படையாக உதவி கோரினர். விரைவிலேயே விடை கிடைத்தது. யூபெடால் என்னும் குடும்பப் பெயருக்கு உரோமன் வரிவடிவில் எட்டு எழுத்துகள். அவ்வெட்டையும் கடைசியிலிருந்து முதலாகத் திருப்பி எழுதியதே கடவுச்சொல்லாக இருந்தது. எட்டுச் சிற்றெழுத்துகளால் ஆகக்கூடிய தொடர்கள் ஏறத்தாழ 20,882 கோடி. அத்தனை கோடிக்குள் ஒளிந்திருந்ததாகக் கருதப்பட்ட சொல், அத்திரட்டின் பெயரிலேயே அனைவருக்கும் தெரியும்படி நின்றிருந்தது. தேடியவர்களுக்கு இல்லாதிருந்தது சொல்லன்று. அதுவே இது என்னும் தெளிவு மட்டுமே.

அத்வைத வேதாந்தம் பத்தாமவன் கதையால் உணர்த்த முற்படும் பொருளும் இதுவே. ஆற்றைக் கடந்து கரையேறிய பத்துப் பேரில் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிட்டுப் பிறரை எண்ணியமையால் ஒன்பது பேரையே கண்டு, ஒருவன் வெள்ளத்தில் மாண்டான் என்று அழுதனர்; வழிப்போக்கர் ஒருவர் எண்ணிக்காட்டி, எண்ணியவனே அப்பத்தாமவன் என்று தெளிவித்தார். வித்தியாரண்யருடைய பஞ்சதசியின் ஏழாம் இயலும், தாண்டவராய சுவாமிகளின் கைவல்லிய நவநீதமும் இக்கதையைக் கொண்டு அறியாமை முதல் நிறைவு ஈறாக ஏழு நிலைகளை விளக்குகின்றன. அவ்வேழனுள் ஒன்று, பத்தாமவன் உயிரோடிருக்கிறான் என்று பிறர் சொல்லக் கேட்டு அறியும் அறிவு. அடுத்தது, அவன் தானே என்று நேரில் உணரும் அறிவு. முன்னதற்குப் பிறர் ஒருவர் இன்றியமையாதவர் என்பது இங்கே மனங்கொள்ளத்தக்கது. அழுது நின்ற பத்துப் பேருள் ஒருவராலும் தம் இழப்பைத் தாமே தீர்த்துக்கொள்ள இயலவில்லை.

நினைவும் நினைப்பவரும்

நினைவுக்கும் நினைப்பவருக்கும் உள்ள தொடர்பு இந்திய மெய்யியலில் பெரும் வாதமாக நிகழ்ந்தது. நியாய நூலார், முன்பு கண்ட பொருளை இன்று மீண்டும் கண்டு அதுவே இது என்று தெளியும் அறிவைப் பிரத்யபிஞ்ஞை என்றனர். பதிவாக நின்ற பழைய அனுபவமும் இன்றைய காட்சியும் கூடி அத்தெளிவு பிறக்கிறது. வெறும் நினைவோ அப்பதிவு ஒன்றிலிருந்தே எழுவது. ஒருவர் கண்டதை வேறொருவர் நினைவுகூர இயலாதாகையால், அன்று கண்டவரும் இன்று தெளிபவரும் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்றும், அந்த ஒருவரே ஆன்மா என்றும் அவர்கள் வாதித்தனர். பௌத்த ஆசிரியர் வசுபந்து தம் அபிதர்மகோச உரையின் இறுதி இயலில் இதை மறுத்து, நிலையான ஆன்மா இல்லாமலே கணந்தோறும் தோன்றி மறையும் அறிவுகளின் தொடர்ச்சியால் நினைவு நிகழ்தல் கூடும் என்றார். இவ்விரு தரப்பாரும் முடிவில் வேறுபட்டாலும், நினைவுக்கு அடிப்படையாக வேறொன்று, ஆன்மாவோ அறாத தொடர்ச்சியோ, இருந்தே தீரவேண்டும் என்பதில் உடன்படுகின்றனர்.

ஐரோப்பாவில் ஜான் லாக், மனித அறிவு பற்றிய தம் பெருநூலின் 1694 ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் சேர்த்த அதிகாரத்தில், இதற்கு மாறான கருத்தை முன்வைத்தார். ஒருவருடைய உணர்வு பின்னோக்கிச் சென்று எச்செயல்களைத் தன்னுடையனவாகப் பற்றுகிறதோ, அதுவரையில்தான் அவர் அதே ஆள் என்பது அவர் கொள்கை. தாமஸ் ரீட் 1785 ஆம் ஆண்டில் இதன் குறையை எடுத்துக்காட்டினார். சிறுவயதில் பழத்தோட்டத்தில் திருடி அடிபட்ட ஒருவர், படைவீரராகிப் பகைவரின் கொடியைக் கைப்பற்றினார், பின்னர்ப் படைத்தலைவரானார். கொடியைக் கைப்பற்றியபோது சிறுவயதில் அடிபட்டது அவர் நினைவில் இருந்தது. தலைவரானபோது கொடியைக் கைப்பற்றியது நினைவில் இருந்தது, அடிபட்டதோ மறந்துபோயிற்று. லாக்கின் கொள்கைப்படி தலைவர் அவ்வீரரே, வீரர் அச்சிறுவரே, ஆனால் தலைவர் அச்சிறுவர் அல்லர் என்று முடியும். இது பொருந்தாது.

கடவுச்சொல் கேட்கும் பூட்டு, லாக்கின் கொள்கையையே தன் ஒரே அளவுகோலாகக் கொண்டு இயங்குகிறது. முன்நிற்பவரின் முகமோ கையெழுத்தோ வாழ்க்கையோ அதற்குப் பொருளல்ல; அன்று இட்ட சொல் இன்று நினைவில் உள்ளதா என்னும் ஒன்றையே அது கேட்கிறது. இதற்காகப் பூட்டைக் குறைகூறுதல் முறையன்று. உரியவர் என்று தம்மைக் கூறிக்கொள்வோர்க்கெல்லாம் திறக்குமாயின் அது காவலாகாது. நினைவைத் தவிர வேறொன்றை அளந்தறியும் ஆற்றலும் அதற்கு இல்லை. பிழை நேர்வது பூட்டின் அளவுகோலை மனிதர் தமக்கும் அளவுகோலாகக் கொள்ளும்போதுதான். திறக்கும் ஆற்றல் வேறு, உரிமை வேறு. கடவுச்சொல்லைத் திருடியவருக்கு முன்னது உண்டு, பின்னது இல்லை. மறந்தவருக்குப் பின்னது உண்டு, முன்னது இல்லை. மறந்தவர் உரியவர் அல்லர் என்று கொள்வோர், திருடியவரை உரியவர் என்று ஏற்கவேண்டிய நிலைக்கு ஆளாவர்.

இறுதி நினைவு

இவ்வேறுபாடு சமயத்துறையில் எத்துணை முதன்மையானது என்பதை இறுதி நினைவு பற்றிய கொள்கை காட்டுகிறது. உயிர் பிரியும் வேளையில் எதை நினைக்கிறாரோ அதையே ஒருவர் அடைகிறார் என்று பகவத்கீதையின் எட்டாம் அத்தியாயம் கூறுகிறது. வாழ்நாள் முழுதும் பழகிய எண்ணமே அப்போது முன்வரும் ஆதலால் எக்காலத்திலும் இறைவனை நினைக்கவேண்டும் என்றும் அது தொடர்ந்து அறிவுறுத்துகிறது. நோயாலோ மூப்பாலோ அறிவு மயங்கிய நிலையில் உயிர் விடுவோர் எண்ணற்றவர். வாழ்நாளெல்லாம் பத்தி செய்தவர் இறுதி நாள்களில் பெற்ற பிள்ளையின் பெயரையே மறந்துவிடுகிறார் எனில், இறைவன் பெயர் மட்டும் நினைவில் நிற்கும் என்பதற்கு என்ன உறுதி? வீடுபேறு இறுதிக் கணத்து நினைவைக் கடவுச்சொல்லாகக் கொண்டு திறக்கும் பூட்டாயின், மூளை நலிவுற்ற அடியவர் அதன் வெளியிலேயே நிற்கவேண்டியவராவார்.

வைணவ மரபு இவ்வச்சத்துக்கு நேராக விடையளித்தது. இராமன், கண்ணன் வாக்குகளோடு சரம சுலோகங்களுள் ஒன்றாகப் போற்றப்படும் வராகப் பெருமானின் வாக்கு, பூமிப்பிராட்டியை நோக்கிக் கூறப்பட்டது. உடல் நலத்தோடும் உள்ளத் தெளிவோடும் இருந்த காலத்தில் தம்மை நினைத்த அடியவர், இறக்கும்போது கட்டையாகவும் கல்லாகவும் உணர்வின்றிக் கிடந்தாராயினும், அவரைத் தாம் நினைத்து உயர்கதிக்குக் கொண்டுசெல்வதாக இறைவன் அதில் உறுதி கூறுகிறார். நினைக்கவேண்டிய கடமை இங்கே ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறிவிடுகிறது. அடைக்கலம் புகுந்தவர்க்கு இறுதி நினைவு தம் முயற்சியால் ஈட்டவேண்டிய நிபந்தனையன்று என்பது இவ்வாக்கின் பொருள். பெரியாழ்வார் திருமொழியில் அரங்கனை நோக்கிய பதிகம் ஒன்றும் இவ்வகையிலேயே அமைந்தது. உயிர் பிரியும் நேரத்தின் துன்பத்தில் தம்மால் இறைவனை நினைக்க முடியாமற்போகும் என்பதை ஆழ்வார் மறைக்காமல் ஒப்புக்கொண்டு, அறிவு தெளிந்துள்ள இன்றைக்கே அந்நாளுக்கான விண்ணப்பத்தைப் பெருமானிடம் சேர்ப்பித்துவிடுகிறார். இனி மறவாதிருப்பேன் என்னும் உறுதி அதில் இல்லை. மறப்பது திண்ணம் என்பதை ஏற்று, மறவாத ஒருவரிடம் ஒப்படைக்கும் அறிவே அதில் உள்ளது.

சைவ சித்தாந்தம் இம்முடிவையே உயிரின் இயல்பிலிருந்து நிறுவுகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம், உயிர் நனவு, கனவு, உறக்கம் முதலான ஐந்து நிலைகளில் மாறிமாறிப் பட்டு, ஒன்றில் அறிந்ததை மற்றொன்றில் இழப்பதைக் காட்டி, தானே அறியும் அறிவு உயிருக்கு இல்லை, அறிவிக்க அறிவதே அதன் இயல்பு என்று தெளிவிக்கிறது. இறைவன் செய்யும் ஐந்தொழில்களுள் மறைத்தலும் ஒன்று; திரோதானம் என்று வழங்கும் அதுவும் உயிர் பக்குவப்படும்பொருட்டுச் செய்யப்படுவதாகையால் அருளின் ஒரு கூறாகவே கொள்ளப்படுகிறது. இதன்படி மறதி உயிரைத் தள்ளிவைத்தற்குக் காரணமாகாது. உயிரின் எல்லையையும் அது மற்றொன்றைச் சார்ந்து நிற்பதையும் அதுவே உணர்த்துகிறது.

நினைவுள்ளபோதே ஒப்படைத்தல்

மறவாதவரிடம் ஒப்படைத்தல் என்னும் இக்கருத்து, பூட்டிய ஆவணங்களைப் பொறுத்தும் நடைமுறையில் செல்லுபடியாவது. ஆஃபிஸ் தொகுப்பின் 2013 ஆம் ஆண்டுப் பதிப்புக்கென டாக்ரீகிரிப்ட் என்னும் கருவி வழங்கப்பட்டது. ஆவணத்துக்குள் பூட்டிவைக்கப்படும் அந்த இரண்டாம் திறவெண்ணை, எழுதியவரின் கடவுச்சொல்லால் ஒருமுறையும், நிறுவனத்தின் பொறுப்பாளர் வைத்திருக்கும் சான்றிதழால் மற்றொருமுறையும் தனித்தனியே பூட்டி வைப்பது இதன் வழி. எழுதியவர் மறந்தாலும் பொறுப்பாளர் திறந்துதர இயலும். ஆனால் இவ்வேற்பாடு நடைமுறைக்கு வந்த பின்னர்ப் பூட்டிய ஆவணங்களுக்கே இது பயன்படும். அதற்கு முன்னர்ப் பூட்டியவற்றை இக்கருவியால் மீட்க முடியாது. ஒப்படைப்பு மறதிக்கு முந்தவேண்டும் என்னும் விதியில், ஆழ்வாரின் விண்ணப்பமும் இக்கணினி ஏற்பாடும் ஒன்றுபடுகின்றன.

ஒருவரிடமே ஒப்படைத்தல் அச்சந்தருமாயின், அதற்கும் வழி உண்டு. கணிதவியலார் ஆதி ஷமீர் 1979 ஆம் ஆண்டில் வெளியிட்ட முறைப்படி, ஒரு மறைபொருளை ஐந்து பங்குகளாக்கி ஐவரிடம் கொடுத்து, அவருள் எவரேனும் மூவர் கூடினால் மட்டுமே அது வெளிப்படும்படி அமைக்கலாம். இருவர் மட்டும் சேர்ந்தால் அம்மறைபொருளைப் பற்றி எள்ளளவும் தெரியவராது. ஒருவருடைய மறதியாலும் பொருள் அழியாது. ஒருவருடைய வஞ்சகத்தாலும் அது வெளிப்படாது.

தமக்கே உரிய கமுக்கத்தைத் தம்மோடு முடித்துக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்பதும் இங்கே ஏற்கத்தக்கது. நாட்குறிப்பு ஒன்றை எவரும் படிக்கலாகாது என்று கருதிப் பூட்டியவருடைய விருப்பம் மதிக்கப்படவேண்டும். ஆனால் குடும்பத்தின் கடன் கணக்கு, நிலப் பத்திரத்தின் படி, மருத்துவக் குறிப்பு, நார்வே மையத்தின் நூற்பட்டியல் போன்றவை பிறருடைய வாழ்வையும் தாங்கி நிற்பவை. அவற்றைத் தம் ஒருவர் நினைவையே காவலாக நம்பிப் பூட்டுவது, மறதி தமக்கு நேராது என்னும் செருக்கேயாகும். நம்பிக்கைக்கு உரியவரைத் தெரிந்து ஒப்படைப்பது பூட்டியவரின் கடமை. ஒப்படைக்கப்பட்டதை வரம்பு மீறாமல் காப்பது பெற்றவரின் கடமை.

இக்கடமை ஆவணங்களோடு நிற்பதன்று. முதுமை மறதி முற்றிய ஒருவர், தம் மனைவியை யாரோ என்று கருதுவதும், தாம் கட்டிய வீட்டில் இருந்துகொண்டே வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்பதும் பல இல்லங்களில் காணப்படுவனவே. நினைவே ஆளை ஆக்குகிறது என்னும் கொள்கையை நம்புவோர், அங்கே இருப்பவர் பழைய தந்தையல்லர் என்று எளிதில் கூறிவிடுவர். அவருடைய உணவு விருப்பமும் வழிபாட்டு வழக்கமும் மானமும் மெல்லமெல்லப் புறக்கணிக்கப்படும். நினைவு சான்று மட்டுமே என்று உணர்ந்தவரோ, அச்சான்று தொலைந்தபோதும் சான்று பகர்ந்த பொருள் தொலையவில்லை என்று அறிவார். அவர் தந்தையை அவருடைய பெயரிட்டே அழைப்பார். நாள்தோறும் திருநீறோ திருமண்ணோ அணிந்தவருக்கு அதைத் தம் கையாலேயே இட்டுவிடுவார். அவர் தெளிவோடு இருந்த காலத்தில் கூறிய விருப்பங்களை அவர் சார்பில் நிறைவேற்றுவார். உணர்வற்றுக் கிடக்கும் அடியவரை இறைவன் நினைக்கிறான் என்று நம்பும் சமயத்தவருக்கு, நினைவிழந்த மனிதரை மறவாதிருத்தல் அந்நம்பிக்கையின் நடைமுறை வடிவமாகும். மறந்தவருடைய உரிமை அவர் நினைவில் இல்லை. அவரை அறிந்தவர்களின் நேர்மையில் அது காக்கப்படுகிறது.